காசை நிறுத்துக் காலம் கண்டவர்

தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924-ஆம் ஆண்டு ஒரு புதையல் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அவற்றோடு அலெக்சாந்தர் பெயரில் அடித்த காசுகள் இரண்டும், அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த பிலிப் அரிடேயஸின் காசு ஒன்றும் கலந்து கிடந்தன. இந்த மூன்றும் அச்சு மழுங்காமல் புதுக்கருக்கோடு இருந்தன. ஆகவே புதையல் மண்ணுக்குள் போன காலம் ஏறத்தாழ கி.மு. 317-ஐ ஒட்டியது என்று சொல்ல முடிந்தது. மிச்சமிருந்த ஆயிரம் காசுகள்தான் பிடி கொடுக்கவில்லை. அவற்றில் அரசன் முகம் இல்லை, பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை. முன்பக்கம் சூரியன், ஆறு கைச் சக்கரம், விலங்கு என்று ஐந்து முத்திரைகள். பின்பக்கம் பொடிப்பொடியாகச் சில குத்துகள். அவ்வளவுதான்.

முத்திரைக் காசுகள் எனப்படும் இவை இந்தியாவின் மிகப் பழைய நாணயங்களுள் அடங்கும். வடமேற்கு மூலையிலிருந்து தெற்குவரை புழங்கியவை. போடிநாயக்கனூரில் கிடைத்த குவியலின் காசுகளில் பின்பக்கம் பாண்டியரின் மீனைப் போன்ற சின்னம் இருக்கிறது. கீழடியில் 2021-இல் ஒரு வெள்ளி முத்திரைக் காசு எடுக்கப்பட்டது. இவற்றில் எது முந்தையது, எது பிந்தையது என்று சொல்வதற்கு அறிஞர்கள் முத்திரைகளின் பொருளைத் தேடினார்கள். மலை என்றார் ஒருவர், புத்தத் தூபி என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு வாசிப்பு. எந்த வாசிப்பு சரி என்று முடிவு கட்ட வழியில்லை.

பூனா பெர்குசன் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் முத்திரைகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, காசுகளைத் தராசில் போட்டார். அவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி.

காசு கை மாறும்போதெல்லாம் துளி தேய்கிறது. ஒரு தடவையில் எவ்வளவு தேயும் என்பது தற்செயல். ஆனால் ஆயிரக்கணக்கான தடவை, ஆயிரக்கணக்கான காசுகள் என்று சேரும்போது அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. சராசரி எடை ஆண்டுக்கு ஆண்டு சீராகக் குறையும். கூடவே, காசுக்குக் காசு உள்ள வேறுபாடு அகலும். அக்கசாலையிலிருந்து வரும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. ஐம்பது ஆண்டு புழங்கிய பிறகு ஒன்று நன்றாகத் தேய்ந்திருக்கும், இன்னொன்று யாருடைய பெட்டியிலோ தூங்கியதால் அப்படியே இருக்கும். ஆக, ஒரு குவியலின் சராசரியையும் சிதறலையும் சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு காலம் புழங்கியது என்று ஊகிக்கலாம்.

கேட்பதற்கு எளிது. கோசாம்பியின் கெட்டிக்காரத்தனம் அடுத்த அடியில் இருந்தது. பழங்காசுகளில் இந்த விதி செல்லுமா என்று பழங்காசுகளை வைத்தே சோதிக்க முடியாது, ஏனென்றால் அவற்றின் வயது தெரியாது. எனவே அவர் அன்று கடைத்தெருவில் புழங்கிய காசுகளை எடுத்து நிறுத்தார். அவற்றில்தான் அடித்த ஆண்டு பொறித்திருக்கிறதே! விடை தெரிந்த கணக்கில் முதலில் முறையை ஓட்டிப் பார்த்தார். எதிர்பார்த்தபடியே சராசரி இறங்கியது, சிதறல் ஏறியது. புழக்கம் காசின் எடையை என்ன செய்கிறது என்பது பற்றிய அவரது கட்டுரை 1942-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அதற்குப் பிறகே அந்த அளவுகோல் பழங்காசுகளின் மேல் போனது.

காசுகளின் பின்பக்கத்துப் பொடிக் குத்துகளும் அப்போது பேசத் தொடங்கின. எந்தக் காசில் குத்துகள் அதிகமோ அந்தக் காசின் சராசரி எடை குறைவு. குத்து ஒவ்வொன்றும் ஒரு சோதனையின் அடையாளம் என்று கோசாம்பி கொண்டார். வணிகர் தரப்பின் நோட்டக்காரர்கள் காலத்துக்குக் காலம் காசை வாங்கிப் பார்த்து, செல்லும் என்று ஒரு குத்துக் குத்தித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு குன்றிமணி எடை, அதாவது சுமார் 3.4 கிராம் என்று நிர்ணயித்த ஒரு காசை இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்திருக்கிறார்கள் என்றால், அரண்மனைக்கு வெளியே பலமான ஒரு வணிகர் கூட்டம் இருந்திருக்கிறது என்று பொருள். பெயரில்லாத காசுக்குள்ளிருந்து ஒரு சமூகமே எழுந்து வந்தது.

மௌரியர் காலத்துக் காசுகளில் கதை மாறுகிறது. எடையில் பழைய கறார் இல்லை. வெள்ளியோடு செம்பு தாராளமாகச் சேர்ந்திருக்கிறது. பேரரசின் பெருமையை எழுதிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்காத ஒன்றைக் கோசாம்பி கண்டார்: கஜானா திணறியிருக்கிறது, காசின் மதிப்பு இறங்கியிருக்கிறது. படையும் அதிகாரிகளும் பெருகிய அரசுக்குச் செலவு கட்டுபடியாகவில்லை என்பதைத் தராசு சொன்னது. எந்த முத்திரை எந்த அரசனுடையது என்று அவர் மேற்கொண்டு செய்த அடையாளங்களைப் பின்வந்த நாணயவியலாளர் பலர் ஏற்கவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

புள்ளியியலைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கையில் எடுத்துச் செய்து பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் காசுகளிடம் போனார். ஆனால் காசு அவரை விடவில்லை. அடித்தவர் யார் என்ற கேள்விக்குப் பழைய நூல்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குச் சமஸ்கிருதம் வேண்டியிருந்தது.

அந்த மொழியையும் வகுப்பில் உட்கார்ந்து கற்கவில்லை. பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் முந்நூறு பாடல்களைக் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்ததும் சிக்கல். எந்த இரண்டு சுவடியும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் உள்ள பாட்டு மற்றொன்றில் இல்லை, உள்ள பாட்டும் வேறு சொற்களில் இருக்கிறது. வேறொருவராக இருந்தால் நல்ல பதிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே போயிருப்பார். கோசாம்பி 300-க்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு, எது எதிலிருந்து கிளைத்தது என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். தென்னாட்டுச் சுவடிகளின் மூல வடிவத்தை 1946-இல் தனி நூலாக்கினார். 1948-இல் முழுப் பதிப்பும் வந்தது. எல்லாக் கிளைகளிலும் தவறாமல் வரும் பாடல்களை ஒரு தொகுதியாகவும், சிலவற்றில் மட்டும் வருபவற்றை இன்னொன்றாகவும் பிரித்து வைத்தார். காசைக் குவியல் குவியலாகப் பிரித்த அதே கைதான் இது. பின்னர் வித்யாகரரின் ‘சுபாஷிதரத்னகோசம்’ என்ற தொகை நூலை வி. வி. கோகலேயோடு சேர்ந்து பதிப்பித்தார். 1957-இல் ஹார்வர்ட் அதை வெளியிட்டது.

ஹார்வர்ட் அவருக்குப் புதிய இடமில்லை. கோவாவில் 1907 ஜூலை 31 அன்று பிறந்த கோசாம்பி பதினொரு வயதில் தந்தையோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். தந்தை தர்மானந்த கோசாம்பியின் கதை தனியாக எழுத வேண்டியது. பௌத்தத்தைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பி, இலங்கையிலும் பர்மாவிலும் துறவியாக இருந்து பாலி கற்று, ‘விசுத்திமக்க’த்தைப் பதிப்பிக்கும் வேலைக்காக ஹார்வர்டுக்கு அழைக்கப்பட்டவர் அவர். மகன் அங்கேயே படித்து 1929-இல் முதன்மைச் சிறப்போடு பட்டம் பெற்றார். இந்தியா திரும்பிக் காசியில் கொஞ்சகாலம் கணிதம் நடத்தினார். பிறகு அலிகார்.

அலிகாரில் அப்போது கணிதத் துறையை நடத்தியவர் இருபத்தைந்து வயதைத் தொடாத ஆந்த்ரே வெய் என்ற பிரெஞ்சுக்காரர். ராமானுஜனைப்போலவே ஹார்டியிடம், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில், பயின்ற டி. விஜயராகவனும் அங்கே இருந்தார். பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர் இவர். சக ஆசிரியர் ஒருவரைக் கிண்டல் செய்ய, வெய் தூண்டிவிட்டபடி கோசாம்பி ஒரு கட்டுரை எழுதினார். புரட்சியின்போது இறந்துபோன போர்பாகி என்ற ரஷ்யக் கணித அறிஞரின் தேற்றத்தை விரிவாக்குவதாகத் தலைப்பு. அப்படி ஒரு ரஷ்யர் கிடையாது! 1931-இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை அச்சாகியே விட்டது. சில ஆண்டுகள் கழித்து வெய்யும் நண்பர்களும் நிக்கோலா போர்பாகி என்ற கற்பனைப் பெயரில் கூட்டாக எழுதத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் போக்கையே திருப்பினார்கள். கணித இதழ் ஒன்றில் அந்தப் பெயர் முதன்முதலாக வந்தது கோசாம்பியின் குறும்புக் கட்டுரையில்தான்.

வரலாற்று மாணவர்களுக்குக் கோசாம்பியின் இந்தப் பக்கம் பெரும்பாலும் தெரியாது. ஜெர்மானிய இதழில் 1933-இல் அவர் எழுதிய வடிவக்கணிதக் கட்டுரைக்குப் பிரெஞ்சு மேதை எலி கார்த்தான் குறிப்பு எழுதினார். சீனக் கணிதவியலாளர் செர்ன் பிறகு அதை விரித்தார். மூவர் பெயராலும் ஒரு கோட்பாடே வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் நினைவுப் பரிசு 1934-இல் கோசாம்பிக்குக் கிடைத்தது.

ஆனாலும் இன்றைக்கு அதிகம் பயன்படுவது அவர் போகிறபோக்கில் செய்த இரண்டு வேலைகள். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1943-இல் ஒரு கட்டுரை வந்தது. ராமானுஜனின் முதல் கட்டுரையை 1911-இல் வெளியிட்ட அதே இதழ். சிக்கலான, ஓயாமல் மாறும் ஒரு நிகழ்வைச் சில அடிப்படை வடிவங்களின் கூட்டாக எழுதுவது எப்படி என்று அதில் விளக்கியிருந்தார். போர்க்காலம், வெளிநாட்டில் படித்தவர் குறைவு. சில ஆண்டுகளில் பின்லாந்தின் கர்ஹுனனும் பிரான்சின் லோவேயும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர் அவர்களுக்குப் போனது. கொந்தளிக்கும் நீரோட்டத்தை ஆராய்வதற்கு 1960-களில் பொறியாளர்கள் இந்த முறையைக் கையாண்டார்கள். 1987-இல் சிரோவிச், கிர்பி இருவரும் மனித முகப் படங்களை இதே வழியில் சுருக்கிக் காட்டினார்கள். கணினியின் முக அடையாளத் தொழில்நுட்பம் தொடக்கத்தில் நடந்த பாதை அதுதான்.

இரண்டாவது வேலை நான்கே பக்கம். மரபணுக்கள் குரோமோசோமில் ஒரே ரயில் பாதையின் நிலையங்கள்போல வரிசையாக இருக்கின்றன. எது எதற்குப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அடுத்த தலைமுறைக்குப் போகுமுன் இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். இரண்டு மரபணுக்கள் தள்ளியிருந்தால் அவற்றுக்கு நடுவே வெட்டு விழும் வாய்ப்பு கூடுதல். எனவே நூறு வாரிசுகளில் எத்தனையில் அவை பிரிந்தன என்று எண்ணினால் தூரம் தெரிய வேண்டும். சின்னத் தூரங்களுக்கு இது சரி. தூரம் கூடும்போது நடுவில் இரண்டு வெட்டு விழுந்து, பிரிந்தவை மறுபடி ஒன்று சேர்ந்துவிடுகின்றன. எண்ணிக்கையில் அது தப்பிவிடும். இதைத் திருத்த ஜே. பி. எஸ். ஹால்டேன் 1919-இல் ஒரு வாய்பாடு தந்தார். ஒரு வெட்டுக்கும் இன்னொரு வெட்டுக்கும் தொடர்பில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. உண்மையில் ஓரிடத்தில் வெட்டு விழுந்தால் பக்கத்தில் இன்னொன்று விழுவது தடைபடுகிறது. அந்தத் தடை கிட்டத்தில் முழுமையாகவும் தூரம் போகப்போகக் குறைந்தும் செயல்படுவதாகக் கொண்டு கோசாம்பி 1944-இல் புதிய வாய்பாட்டை எழுதினார். வித்தியாசம் சிறிதல்ல. நூற்றுக்கு முப்பது பிரிந்தால் ஹால்டேன் கணக்கில் தூரம் சுமார் 46 சென்டிமார்கன், கோசாம்பி கணக்கில் சுமார் 35. நெல்லுக்கோ தக்காளிக்கோ மரபணு வரைபடம் போடும் ஆய்வாளர் இன்றும் கணினியில் ‘ஹால்டேனா, கோசாம்பியா’ என்று ஒன்றைத் தேர்ந்துதான் மேலே போகிறார்.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தை 1945-இல் தொடங்கிய ஹோமி பாபா, கோசாம்பியைக் கணிதப் பேராசிரியராக அழைத்துக்கொண்டார். வேலை பம்பாயில், வீடு பூனாவில். டெக்கான் குயின் ரயிலில் போய் வருவார். ஜன்னலுக்கு வெளியே ஓடும் சஹ்யாத்ரி மலைகள்தான் அவருடைய அடுத்த ஆய்வுக்கூடம். பௌத்தக் குடைவரைகள் நிறைந்த கார்லே அந்த வழியில்தான் இருக்கிறது.

விடுமுறை நாட்களில் கையில் தடியோடு நடந்தே கிளம்பிவிடுவார். ஊருக்கு வெளியே, காட்டு ஓரத்தில், செந்தூரம் பூசிய கல்லாக நிற்கும் அம்மன்களைத் தேடிப் போனார். ஊருக்குள் இடமிருக்க, இந்தத் தெய்வம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கிறது? பூசை செய்கிறவர்களிடம் கேட்டார், ஆடு மேய்க்கும் தங்கர்களிடம் கேட்டார். அந்த இடங்களைச் சுற்றி மண்ணைக் கிளறினால் நகத்தளவு நுண்கற்கருவிகள் அகப்பட்டன. உழவு வந்து ஊர் உருவாகும் முன்பே மந்தை ஓட்டிய கூட்டங்கள் சந்தித்த முச்சந்திகளில் அந்தத் தெய்வங்கள் நிற்கின்றன என்றார். அதே தடங்கள் பிறகு வணிகப் பாதைகளாயின, பாதைகள் கூடும் இடங்களில் பௌத்தத் துறவிகள் குகை குடைந்தார்கள், வணிகர்கள் அதற்குக் கொடை தந்தார்கள். கார்லே கல்வெட்டுகளில் கொடையாளர்களாக யவனர் பெயர்கூட இருக்கிறது. வரலாறு எழுத நல்ல பூட்ஸும் வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர் அவர்.

இவ்வளவும் திரண்டு 1956-இல் இந்திய வரலாற்றுக்கான அறிமுக நூலாக வந்தது. எந்த மன்னன் எப்போது ஆண்டான் என்பதைவிட அந்தக் காலத்தில் மக்கள் ஏர் பிடித்தார்களா இல்லையா என்பது முக்கியம் என்று சொன்ன நூல். மார்க்சியர்தான், ஆனால் கட்சிக்காரர்களுக்கும் அவரிடம் நிம்மதி இல்லை. ஐரோப்பாவுக்கு வகுத்த கட்டங்களை இந்தியாவின் மேல் அப்படியே பொருத்த முடியாது என்று அடித்துச் சொன்னார். அவர் தவறிய இடங்களும் உண்டு. சிந்துவெளி மக்களுக்குக் கலப்பை உழவு தெரியாது என்பது அவர் கருத்து. 1960-களில் ராஜஸ்தானின் காளிபங்கனில் ஹரப்பா நகரத்துக்கும் முந்திய உழுத நிலமே, உழவுச்சால்கள் கலையாமல், தோண்டி எடுக்கப்பட்டது.

டாட்டா நிறுவனத்தில் நாட்கள் கசந்து வந்தன. பாபா அணுசக்தி ஆணையத்துக்கும் தலைவர். கோசாம்பியோ நாட்டுக்குத் தேவை அணு உலை அல்ல, சூரிய ஆற்றல் என்று 1957-லிருந்தே எழுதியும் பேசியும் வந்தார். வெயில் இங்கே இலவசம், கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்து அனுப்ப வேண்டியதும் இல்லை என்பது அவர் வாதம். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊழியர் அதன் இயக்குநரின் கனவுத் திட்டத்தை மேடையில் மறுத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கக் கணிதம் தேவையில்லை.

ஆனால் அவரைக் கணித உலகில் சாய்த்தது வேறொன்று. பகா எண்களின் பரவல் பற்றிய ரீமான் கருதுகோள் கணிதத்தின் பெரிய விடுகதை, இன்றும் விடுபடாதது. அதற்கு நிகழ்தகவு வழியில் நிரூபணம் கண்டுவிட்டதாக 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வந்த இதழ் வேளாண் புள்ளியியல் கழகத்துடையது. எண் கோட்பாட்டில் கைதேர்ந்த ஒருவர் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது, அச்சேறிவிட்டது. நிரூபணம் நிற்கவில்லை. பழங்காசைத் தொடும் முன் புதுக்காசை நிறுத்துப் பார்த்த மனிதர், இங்கே அந்த நிதானத்தைக் கைவிட்டது வியப்புதான். காசுகளில் சராசரியாக உண்மையானது போதும், பகா எண்களில் ஒரு விதிவிலக்குகூட ஆகாது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு அவரே விளக்கியிருக்கக் கூடியவர்.

1962-இல் டாட்டா நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பகா எண்களையும் அவர் விடவில்லை. எஸ். டுக்ரே என்ற புனைபெயரில் மேலும் சில கட்டுரைகள் வந்தன. 1965-இல் ‘பண்டைய இந்தியாவின் பண்பாடும் நாகரிகமும்’ நூல் லண்டனில் வெளியானது. பொது வாசகர்கள் இன்றும் முதலில் எடுக்கும் கோசாம்பி நூல் அதுதான். 1966 ஜூன் 29 அன்று பூனா வீட்டில் தூக்கத்திலேயே இறந்தபோது அவருக்கு வயது 58. பகா எண்கள் பற்றி எழுதி முடித்த ஒரு நூலை அதற்குச் சற்று முன்புதான் பதிப்பாளருக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பிரதி கிடைக்கவே இல்லை. இந்திய அஞ்சல் துறை 2008-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. பல நாடுகளின் இதழ்களில் சிதறிக் கிடந்த கணித, புள்ளியியல் கட்டுரைகளில் தேர்ந்தெடுத்தவற்றை ராமகிருஷ்ண ராமசாமி தொகுத்து 2016-இல் ஒரே நூலாகக் கொண்டுவந்தார்.